சால்வையில் என் பங்கு

ரயில் பல்லாவரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தபோது என் வலது கை பின்னல் ஊசியை விட்டுவிட்டது. ஊசி நழுவவில்லை. விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. மடியில் விழுந்த ஊசி அங்கிருந்து தரைக்கு உருண்டது. ஊசியில் இருந்த கண்ணிகள் எல்லாம் கழன்று தொங்கின. குனிந்து எடுக்கப் போனேன், விரல்கள் மடங்கவில்லை. பக்கத்தில் இருந்த வசந்தாதான் எடுத்துக் கொடுத்தாள். தூங்கிவிட்டேனா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்படித்தான் நானும் நம்ப விரும்பினேன்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பத்தைந்து வயது. சேலையூரில் வீடு, பாரிமுனையில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலை. கணவர் தேவராஜ் குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். ஒரே மகள் ஷீபா மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு முடக்குவாதம்" என்று டாக்டர் சொல்லி, அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்வது என் நோக்கமல்ல. எனக்குச் சொல்லப்பட்ட ஆறுதல்களில் பாதி எனக்குக் கெடுதலே செய்தன.

முதலில் அந்த ரயில் பயணத்தின் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் எதை இழந்தேன் என்று உங்களுக்குப் புரியாது.

தாம்பரத்திலிருந்து பீச் வரை போகும் ரயிலில், லேடீஸ் கம்பார்ட்மென்ட்டின் ஒரு மூலை எங்களுடையது. ஐந்து பேர். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்த சரோஜா அக்காதான் எங்களுக்கெல்லாம் நிட்டிங் சொல்லிக் கொடுத்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தாம்பரத்தில் முதலில் ஏறி, பையைப் போட்டு எங்களுக்கு இடம் பிடித்து வைப்பார். வசந்தா குரோம்பேட்டையில் ஏறுவாள். இன்சூரன்ஸ் ஆபீஸ் கிளார்க், எங்களில் இளையவள், மனதில் பட்டதை அப்படியே பேசுகிறவள். மற்ற இருவர் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்த சகோதரிகள்.

மெட்ராஸ் வெயிலில் கம்பளிச் சால்வை பின்னுகிறவர்களைப் பார்த்துப் பெட்டியே சிரிக்கும். வியர்வையில் உல்லன் நூல் விரலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் கைகளில் டால்கம் பவுடர் பூசிக்கொள்வோம். எங்கள் மூலை முழுவதும் பவுடர் வாசனையாக இருக்கும். தினமும் பெட்டியில் பூ விற்க வருகிற அம்மாள் சால்வையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத்த போத்திகினு எங்கமா போவீங்க?" என்று கேட்பாள். டெல்லிக்கு மாற்றலாகிப் போகிறவர்கள், குன்னூரில் இருக்கும் உறவினர்கள், காசிக்குப் போகும் பெரியவர்கள் என்று யாராவது எங்களிடம் சால்வை கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

புதுத் தினுசு ஒன்று எடுத்தால் அக்கா வாய்விட்டுச் சொல்வார்: ரெண்டு நேரா, ரெண்டு மறிச்சு, நூலை முன்னாடி போடு. ஐந்து பேர் கைகளும் ஒன்றுபோலப் போகும். சைதாப்பேட்டை வருவதற்குள் அக்கா சொல்வதை நிறுத்திவிடுவார், கைகள் நிற்காது. பேச்சும் தன் போக்கில் போகும். மாமியார், மேலதிகாரி, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, பிள்ளைகளின் கணக்குப் பாடம். அலுவலகத்தில் நாள் முழுவதும் மற்றவர்களின் வார்த்தைகளைத் தட்டச்சு செய்கிறவள் நான். என் கையிலிருந்து என்னுடையது என்று ஒன்று வெளியே வந்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான். ஐந்து பேரில் என் பின்னல்தான் மிகச் சீரானது. அக்காவே அதைச் சொல்வார். அந்தப் பெருமை எனக்கு இருந்தது, நிறையவே இருந்தது.

ஊசி விழுந்த வாரத்திலிருந்து காலைகள் மாறின. எழுந்ததும் இரண்டு கைகளும் ஈரச் சிமென்ட்டில் புதைத்து வைத்ததுபோல் இருக்கும். பல்பொடி டப்பாவைத் திறக்க முடியாது. ஒன்பது மணிக்குமேல் மெல்ல இளகும். விரல் கணுக்கள் பழுத்த சுண்டைக்காய்போல் வீங்கின. கல்யாண மோதிரத்தை ஆசாரியிடம் போய் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. தெரு முனை டாக்டர் கால்சியம் குறைவு என்றார். பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே என்றார். பல மாதங்கள் அவர் கொடுத்த வெள்ளை மாத்திரைகளைச் சாப்பிட்டேன். தயவுசெய்து நீங்கள் அப்படிக் காத்திருக்காதீர்கள். இரண்டு கைகளிலும் ஒரே மூட்டுகள் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈ.எஸ்.ஆர். (உடலுக்குள் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) மிக அதிகம். எக்ஸ்ரேயில் விரல் எலும்புகளின் ஓரங்கள் எலி கடித்ததுபோல் இருந்தன. மூட்டு நோய்ப் பிரிவின் டாக்டர் அம்மாள் படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். ரூமடாய்ட் ஆர்த்ரைடிஸ் (முடக்குவாதம்; உடலின் காவல் சக்தியே எதிரி என்று தவறாக எண்ணித் தன் மூட்டுகளைத் தாக்கும் நோய்) என்றார்.

"எப்ப சரியாகும் மேடம்?"

"சரியாகாதும்மா. அடக்கி வைக்கலாம். நிறைய வருஷம் இதோட இருக்கணும்."

நிட்டிங்கால் வந்ததா என்று கணவர் கேட்டார். இல்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். ஆனால் கணவர் வீட்டுக்கு வருவதற்குள் தன் தீர்ப்பை எழுதிவிட்டிருந்தார். என் ஊசிகளையும் நூலையும் ஒரு சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினார். நான் ஏணி ஏற முடியாது என்று அவருக்குத் தெரியும்.

அவர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். ஆனால் நோயாளியோடு இருப்பதற்கு வேண்டிய ஏதோ ஒன்று அவரிடம் இல்லை. காலையில் ஷீபாவுக்குச் சடை பின்ன எனக்கு அரை மணி ஆகும். அப்படியும் அது பள்ளிக்குப் போவதற்குள் அவிழ்ந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குழந்தையைச் சலூனுக்குக் கூட்டிப் போய் முடியைக் கிராப் வெட்டிக்கொண்டு வந்தார். "இனிமே உனக்குக் கஷ்டம் இல்ல" என்றார். ஷீபா அழவில்லை. கண்ணாடியில் பார்த்தாள், பிறகு என் கைகளைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் செய்து தரச் சொல்லிக் கேட்டதில்லை. ஷூ லேஸைக்கூடப் பக்கத்து வீட்டில் போய்க் கட்டிக்கொண்டாள்.

திருச்சபையிலிருந்து ஜெபிக்க வந்த ஒரு பெண்மணி, முழு விசுவாசம் இருந்தால், வேதத்தில் வரும் சூம்பின கைக்காரனுக்கு ஆனதுபோல எனக்கும் கை நீண்டு குணமாகியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். காபியை நான் இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்திக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டுத்தான் அதைச் சொன்னார்.

அலுவலகத்தில் தட்டச்சிலிருந்து என்னை எடுத்து ரெக்கார்டு அறைக்கு மாற்றினார்கள். ஆனாலும் ரயில் மட்டும் அப்படியே இருந்தது. சரோஜா அக்கா எனக்கு வேறு ஊசிகள் கொடுத்தார். மாத்திரை போட்டுக்கொண்டு, பவுடருக்குப் பதிலாகத் தைலம் தேய்த்துக்கொண்டு, நான் பின்னினேன். மற்றவர்கள் பத்து வரிசை போட்டால் நான் இரண்டு போடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் வசந்தா கூடுவாஞ்சேரி வைத்தியரைப் பற்றிச் சொன்னாள். அவளுடைய பெரியப்பாவுக்கு மூட்டுவலி அங்கே போய்த்தான் குணமானதாம். ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஓட்டு வீடு. வாசலில் என்னைப் போல வீங்கிய கைகளோடு நிறையப் பேர். வைத்தியர் என் விரல்களை அழுத்திக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னாமா, மடங்கலியா? ஒரு வாரம் துன்னு பாரு. நீயே வந்து சொல்லுவ."

காகிதத்தில் மடித்த பழுப்புப் பொடி. மூன்றாம் நாள் காலை நான் எழுந்து, யோசிக்காமல் தலையை வாரி முடிந்துகொண்டேன். முடிந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. கைகளை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து அழுதேன். கணவரைப் பரணில் ஏறச் சொன்னேன், ஏறினார்.

என் வாழ்க்கையில் அதுபோல நான் பின்னியதில்லை. அந்தச் சில மாதங்களில் மூன்று சால்வைகள். மாங்காய் வடிவம் போட்டு ஒன்று, மீன் செதில்போல ஒன்று. துறைமுகச் சகோதரிகள் என் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். என் முகம் உருண்டு பளபளத்தது. பூக்கார அம்மாள், "நல்லா பூசுனாப்ல ஆயிட்டமா" என்றாள். பசி அடங்கவே இல்லை. இரவில் தூக்கம் வரவில்லை. வராவிட்டால் என்ன, பின்னலாம் என்று இருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை போனபோது வைத்தியர் வீடு பூட்டியிருந்தது. மறு வாரமும் பூட்டித்தான் இருந்தது. பொடி தீர்ந்தது. நான்கைந்து நாட்களில் தொடர்ந்து வாந்தி, நிற்கவே சக்தியில்லை. தாம்பரம் பிளாட்பாரத்தில் ரயில் வருவதைப் பார்த்துக்கொண்டே விழுந்தேன்.

அந்தப் பொடியில் ஸ்டீராய்டு (வீக்கத்தை உடனே அடக்கும் மருந்து, நீண்ட நாள் சாப்பிட்டால் உடல் தானாக அதைச் சுரப்பதை நிறுத்திவிடும்) கலந்திருக்க வேண்டும் என்று டாக்டர் அம்மாள் சொன்னார். திடீரென்று நிறுத்தியதால் உயிர் போயிருக்கும். எலும்பு மெலிந்திருந்தது, சர்க்கரை ஏறியிருந்தது. அடங்கியிருந்த நோய், மருந்து நின்றதும் பல மடங்காகத் திரும்பி வந்தது. எந்தப் பொடியாவது மூன்று நாளில் உங்கள் மூட்டுவலியை முழுதாகப் போக்கினால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

நீண்ட விடுப்புக்குப் பிறகு ரயிலுக்குத் திரும்பியபோது என் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தன. பக்கவாட்டுக் காற்றில் நாணல் சாய்வதுபோல், எல்லாம் ஒரே திசையில். அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். அவருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் டேராடூனில் இருக்கும் தமிழ்க் குடும்பம். சம்பந்தி அம்மாளுக்கு நாங்கள் ஐவரும் சேர்ந்து ஒரு பெரிய சால்வை பின்னுவதென்று முடிவாயிற்று. ஆளுக்கு ஒரு பட்டை, பிறகு ஐந்தையும் இணைக்க வேண்டும். வெண்ணெய் நிறம்.

என் பட்டைதான் நடுப் பட்டை என்று அக்கா சொன்னார். அந்த மரியாதைக்கு நான் அவ்வளவு ஏங்கியிருந்தேன்.

நாளுக்கு ஒரு வரிசை. சில நாள் அதுவும் முடியாது. ஒவ்வொரு கண்ணியை எடுக்கும்போதும் கட்டைவிரலின் அடியில் கண்ணாடித் துண்டு நகர்வதுபோல் இருக்கும். பையைத் தூக்கினால் மணிக்கட்டு தாங்காது என்பதால் மாலையில் இறங்கும்போது பின்னலை அக்காவிடமே கொடுத்துவிடுவேன், மறுநாள் கொண்டுவருவார். ஒருமுறை என் விரல் தைலம் பட்டு நூலில் மஞ்சள் கறை விழுந்துவிட்டது. மறுநாள் கறை இல்லை. துவைத்தீர்களா என்று கேட்டேன். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். பட்டை வளர்ந்தது. என் கை இன்னும் கெட்டுப்போய்விடவில்லை என்பதற்கு அந்தப் பட்டைதான் எனக்குச் சாட்சி. வீட்டில் கணவரிடமும் சொன்னேன்: வலி இருந்தாலும் பின்னல் பிசகவில்லை, பழைய மாதிரியே சீராக வருகிறது என்று.

ஒருநாள் மீனம்பாக்கத்தில் ரயில் நின்றுபோனது. சிக்னல் கோளாறு. புழுக்கம். வசந்தா தன் பட்டையை முடித்துவிட்டு இணைப்பதற்குக் காத்திருந்தாள். என்னுடையதுதான் பாக்கி. கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது, இன்னும் நடுப் பட்டை ஆகவில்லையே என்று சகோதரிகளில் மூத்தவர் சொன்னார். கையைப் பாருங்கள், இந்தக் கையோடு இவ்வளவு போட்டதே பெரிது என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே சொல்லியிருப்பேன்.

வசந்தா என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க போடுறதை அக்கா தினம் வீட்ல பிரிச்சுட்டு வேற பின்றாங்க. உங்களால அவங்களுக்கு ரெட்டை வேலை. இது உங்களுக்குத் தெரியணும் எஸ்தர்."

யாரும் அவளை மறுக்கவில்லை. சகோதரிகள் இருவரும் ஒரே நேரத்தில் தங்கள் பைக்குள் எதையோ தேடினார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

நான் அக்காவைப் பார்த்தேன். "எப்பலேருந்துக்கா?"

"முதல்லேருந்தே." அவர் குரல் மெல்ல வந்தது. "கண்ணி கண்ணியா விட்டுப்போகுது எஸ்தர். அவங்க பெரிய இடம், பார்ப்பாங்க. உன்னை நிறுத்துன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"இதுல நான் பின்னது எவ்வளவு இருக்கு?"

அக்கா பட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். வசந்தாதான் சொன்னாள்: "ஒண்ணும் இல்ல."

சிக்னல் விழுந்தது. ரயில் நகர்ந்தது. கிண்டியில் இறங்கிவிட்டேன். அலுவலகத்துக்குப் போகவில்லை. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நோய் வந்த நாளிலிருந்து நான் துக்கத்தில் கண்ணீர் விட்டதெல்லாம் வலிக்காகத்தான். அன்றைக்கு வலியே தெரியவில்லை.

கல்யாணத்துக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். சம்பந்தி அம்மாள் ஏசி மண்டபத்தில் அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா என்னைக் கூட்டிப் போய், "நடுவுல இருக்கறது எஸ்தர் பின்னது" என்றார். அந்த அம்மாள் என் கைகளைப் பார்த்துவிட்டு, இந்தக் கையாலா என்று வியந்து, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். நான் சிரித்தேன். அத்தனை பேர் முன்னால் வேறென்ன செய்ய முடியும்? மறுநாளிலிருந்து ரயிலின் மறுகோடியில் இருந்த பெட்டியில் ஏறினேன். அக்கா இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். ஷீபாவிடம், அம்மா தூங்குகிறாள் என்று சொல்லச் சொன்னேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மெத்தோட்ரெக்ஸேட் (காவல் சக்தியின் தாக்குதலைத் தணிக்கும் மருந்து; வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டியது, தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து) கொடுக்க ஆரம்பித்தார்கள். குமட்டலும் முடி உதிர்வும் இருந்தன. ஆனால் சில மாதங்களில் வீக்கம் வடிந்தது. வடிந்த பிறகு பார்த்தால், உள்ளே மிஞ்சியிருந்தது என் பழைய கை அல்ல. நோய் நின்றுவிட்டது, அது உடைத்தது உடைந்தபடியே இருந்தது. இந்த வித்தியாசத்தை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

சில வருடங்கள் கழித்து ஒருநாள் சாம்பார் கரண்டியைப் பிடித்திருந்தபோது மோதிர விரலும் சுண்டுவிரலும் பொத்தென்று கீழே தொங்கின. வலியே இல்லை. தசைநாண் (தசையையும் எலும்பையும் இணைக்கும் கயிறு) தேய்ந்து அறுந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். மோதிர விரல் திரும்ப எழுந்தது. சுண்டுவிரல் அரைகுறைதான்.

மருத்துவமனையில் ஒரு பிற்பகல் வசந்தா வந்தாள். அக்கா ஓய்வு பெற்று மகளோடு டேராடூனுக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். போவதற்கு முன் என்னைப் பற்றிக் கேட்டாராம். வசந்தா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள்.

"அன்னைக்கு அப்படிச் சொன்னதுக்கு என் மேல கோவமா?"

"இருந்துச்சு."

"நான் சொல்லலன்னா கல்யாணத்துல வேற யாராவது சொல்லியிருப்பாங்க." அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு நூல் கண்டை எடுத்தாள். "இதைச் சுத்தணும். கையை நீட்டுறீங்களா? விரல் வேணாம், மணிக்கட்டு போதும்."

கட்டுப் போட்ட கையையும் கட்டுப் போடாத கையையும் நீட்டினேன். கண்டை விரித்து இரண்டு மணிக்கட்டுகளிலும் மாட்டினாள். நூலின் முனையை எடுத்து உருண்டையாகச் சுற்றத் தொடங்கினாள். நூல் என் ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தாவித் தாவிக் குறைந்துகொண்டே வந்தது. அதற்கேற்பக் கைகளை நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்க்க வேண்டியிருந்தது. நர்ஸ் வந்து திட்டும்வரை நாங்கள் நிறுத்தவில்லை.

வேலைக்குத் திரும்பியதும் பழைய மூலைக்குப் போனேன். இப்போது அங்கே ஏழு பேர். பாதி எனக்குப் புதியவர்கள். அங்கே என் வேலை நூல் கண்டை மணிக்கட்டுகளில் மாட்டிக்கொண்டு பிடித்திருப்பது. அது போதுமா என்று கேட்காதீர்கள். போதாது. பக்கத்தில் ஒருத்தி மாங்காய் வடிவம் போடும்போது அவள் கண்ணிகளை நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். ஆனாலும் போகிறேன். அங்கே யாரும் என்னிடம், கை நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்வதில்லை. முதல் நாளே வசந்தா எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்: இவங்களுக்குப் பின்ன வராது, பொய்யா எதுவும் சொல்லிடாதீங்க என்று.

கணவர் இப்போது காலையில் ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்து கட்டிலருகே வைக்கிறார். வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவார். நானும் அதற்கு நன்றி சொன்னதில்லை. எங்களுக்குள் அது அப்படியே இருக்கட்டும்.

முன்பெல்லாம் நான் கண் விழித்ததும் நாள் தொடங்கிவிடும். இப்போது நான் விழித்த பிறகும் அது தொடங்குவதில்லை. கைகள் விழிக்க வேண்டும். வெந்நீருக்குள் அவற்றை இறக்கிவைத்துக் காத்திருக்கிறேன். இதைப் பொறுமை என்று சொல்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஐந்து வருடம் கழித்து என்ன என்று நான் யோசிப்பதில்லை. அடுத்த மாத்திரை நாள்வரை யோசிப்பேன். அதற்கு மேல் நாட்கள் இருப்பதாகவே என் உடம்புக்குத் தெரியாது. முதலில் கட்டைவிரல் அசையும். பிறகு ஆள்காட்டி விரல், நடுவிரல். மோதிர விரல் தாமதமாக, யோசித்து யோசித்து வரும். சுண்டுவிரல் சில நாள் வருவதே இல்லை. அதற்காக நான் இப்போது உட்கார்ந்திருப்பதில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறேன்.